ஆகாயப் பாடசாலையும் பங்குக் கிணறும்

அவுஸ்திரேலியாவின் உட்பகுதி பெரும் பாலைநிலம். ஒரு பண்ணைக்கும் மறு பண்ணைக்கும் இடையே நூறு மைல் இருத்தல் அங்கே அதிசயமன்று. அத்தகைய தனியிடங்களில் வளரும் பிள்ளைகள் எந்தப் பாடசாலைக்கு நடந்து போவது? இவர்களுக்காக 1951 ஆம் ஆண்டில் அலிஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் நகரிலே ஒரு புதுமையான பாடசாலை தொடங்கப்பெற்றது. ஆகாயப் பாடசாலை என்று அதற்குப் பெயர். நோயாளரைப் பார்க்க விமானத்திற் செல்லும் வைத்தியர்களுக்கென அமைத்திருந்த சிற்றலை வானொலியையே ஆசிரியர்களும் பயன்படுத்தினர். பாடத்தாள்கள் பொதிகளாக வந்து சேரும். ஆசிரியரின் குரல் காற்றிலே வரும். பிள்ளையும் வானொலிப் பெட்டியின் முன்னிருந்து விடை சொல்லும்.

பின்னாளில் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் பரவிய இம்முறையிலே எழுத்தறிந்து வளர்ந்தவர்களில் ஒருவர் மார்ட்டின் டூகியாமஸ். அவர் வளர்ந்து, பேர்த் நகரிலுள்ள கேர்ட்டின் பல்கலைக்கழகத்திலே கணினிப் பகுதியிற் பணிபுரிந்தார். அப்பல்கலைக்கழகம் இணையவழிப் பாடங்களுக்காக விலைகொடுத்து வாங்கியிருந்த ஒரு மென்பொருளைப் பராமரிப்பது அவர் வேலை. அது ஆசிரியர்களின் போக்குக்கு வளைந்து கொடுக்கவில்லை. வளைத்துத் திருத்துவோமென்றால் உள்ளே புகுந்து பார்க்க உரிமையில்லை. 1999 ஆம் ஆண்டளவில் அவர் தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். 2002 ஆகஸ்ட் மாதத்தில் அதன் முதற் பதிப்பு வெளிவந்தது. 'மூடில்' என்று பெயரிட்டு, உலகத்தார் எவரும் பணமின்றி எடுத்தாளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று விட்டுவிட்டார்.

2002 என்றால் யாழ்ப்பாணத்தார்க்கு வேறொரு நினைவு வரும். சமாதான உடன்படிக்கையின் பயனாக ஏ-9 வீதி திறந்ததும் அவ்வாண்டிலேயே. கண்டி வீதியால் முதலில் வந்தவை சீமெந்தும் பெற்றோலும் உறவினரும். அதற்குப் பின்னர்தான் தொலைபேசிக் கம்பியில் முனகிக்கொண்டு மெல்ல மெல்ல இணையம் என்பது நம் பட்டினத்துக் கடைகளில் எட்டிப் பார்த்தது. பாலைவனத்துப் பிள்ளை ஒருவர் தம் தனிமைக்குக் கண்ட மருந்து, பல்லாண்டு தனிமைப்பட்டுக் கிடந்த ஒரு குடாநாட்டுக்கு வந்து சேர வழி திறந்ததும் அக்காலமே.

இனி, 'மென்பொருளைத் திறந்து விடுதல்' என்றால் என்ன என்பதைச் சற்றே விளக்குதல் வேண்டும். கணினி செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் பின்னால் மனிதர் எழுதிய கட்டளைகள் உண்டு. வியாபார நிறுவனங்கள் பெரும்பாலும் அக்கட்டளைகளைப் பூட்டி வைத்து, பயனை மட்டும் விற்பன. திறந்த மூல மென்பொருளிலோ கட்டளைகள் யாவும் வெளிப்படை. இதற்கு உவமை தேடி மேனாடு செல்ல வேண்டியதில்லை. நம் தோட்டங்களிலே பங்குக் கிணறு என்று ஒன்றுண்டு. உறுதியிற் பங்கு எழுதியிருக்கும், முறைவைத்து இறைப்பர், இறைப்பவன் ஒருவனும் கிணற்றைத் தூர்த்துவிட்டுப் போக முடியாது, வாய்க்காலைத் திருத்தினால் திருத்தம் எல்லார்க்கும் பொது. மூடில் வெளிவந்த உரிமப் பத்திரமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. அமெரிக்கரான றிச்சட் ஸ்ரோல்மன் 1989 இல் வகுத்த பொதுமக்கள் உரிமம் அது. நீ எடுத்துக்கொள், மாற்றிக்கொள், விலைக்கு விற்றாலும் விற்றுக்கொள். ஆயின் மாற்றியதைப் பிறர்க்குக் கொடுப்பாயாயின், நீ பெற்ற அதே உரிமையுடன் கொடு. உவமை ஓரிடத்தில் மட்டும் பொருந்தாது. பங்குக் கிணற்றில் நீர் வற்றும். இது இறைக்க இறைக்க ஊறும்.

கிணற்றைத் தனக்கே உரித்தாக்க முயன்றவர் இல்லாமலில்லை. அமெரிக்காவின் பிளாக்போர்ட் என்னும் பெரிய நிறுவனம், இணையவழிக் கற்பித்தலின் அடிப்படையான சில முறைகளுக்கு 2006 சனவரியிற் காப்புரிமை பெற்றது. ஒரே ஆள் ஒரு பாடத்தில் ஆசிரியராகவும் இன்னொன்றில் மாணாக்கராகவும் நுழையலாம் என்பது போன்ற சங்கதிகளும் அதில் அடக்கம். அவ்வாண்டிலேயே கனடா நாட்டு நிறுவனம் ஒன்றின்மேல் வழக்கும் தொடுத்தது. டூகியாமஸ் பராமரித்துச் சலித்த அந்தப் பழைய மென்பொருளையும் அந்நிறுவனமே அக்காலத்தில் வாங்கியிருந்தது என்பது ஒரு வேடிக்கை. உலகெங்குமிருந்த ஆசிரியர்கள் சும்மா இருக்கவில்லை. இம்முறைகளெல்லாம் முன்பே எங்கெங்கே வழங்கின என்று பழைய ஆவணங்களைத் தோண்டி, இல்லினோய் பல்கலைக்கழகத்தில் 1960 இலே தோன்றிய பிளேற்றோ என்னும் கணினிப் போதனைமுறை வரைக்கும் பின்னோக்கிச் சென்று, பெரியதொரு சரித்திரமே எழுதிவிட்டனர். கற்பித்தலை ஒருவன் தன் கண்டுபிடிப்பு என்று சொன்னால் ஆசிரியர்க்குக் கோபம் வராதா? பிளாக்போர்ட் நிறுவனம் 2007 இல், திறந்த மூலத்தார் மேல் வழக்காடோம் என்று வாக்களித்தது. 2009 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வழக்கிலிருந்த உரிமைகளைச் செல்லாதவை ஆக்கிற்று.

மூடில் ஒன்றுதான் என்று எண்ணவேண்டா. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில கூடிச் செய்த சாக்காய், ஹாவாட்டும் எம்.ஐ.ரி.யும் தொடங்கி 2013 இல் மூலத்தைத் திறந்துவிட்ட எட்-எக்ஸ், நோர்வே நாட்டார் ஆக்கிய எச்-5-பி என்று பல உண்டு. கடைசியிற் சொன்னது தனித்து நிற்பதன்று. மூடில் முதலியவற்றுக்குள் இருந்து, ஓடும் ஒளிப்படத்தை இடையிலே நிறுத்தி, 'இதுவரை கண்டதில் யாது விளங்கிற்று?' என்று வினவும் தகைமையது. பௌதிகவியல் கற்பிப்போர்க்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் என்னும் செயற்காட்சிகள் பெருந்துணை. நோபல் பரிசு பெற்ற காள் வீமன் 2002 இல் தொடங்கிய முயற்சி அது. தமிழிலும் அவற்றுட் பல கிடைக்கின்றன.

நம் நாட்டில்

இலங்கையிலே மூடில் பல்கலைக்கழகங்களிற் புகுந்து நெடுநாளாயிற்று. மொறட்டுவை, கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி, திறந்த பல்கலைக்கழகம், நம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஆகிய யாவும் அதனை நடத்துகின்றன. எனினும் அது பலகாலம் விரிவுரைக் குறிப்புகளைப் போட்டுவைக்கும் அலுமாரியாகவே இருந்தது என்று சொன்னால் எவரும் கோபிக்கமாட்டார். 2020 மார்ச்சில் நோய்த்தொற்றினால் எல்லாக் கல்விக்கூடங்களும் மூடப்பட்டபோதுதான் அலுமாரியின் மற்றத் தட்டுகளும் திறக்கப்பட்டன. அப்போது ஒரு நல்ல காரியம் நடந்தது. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ண் என்னும் வலையமைப்பினூடே அவற்றின் கணினிகளை அணுகும் மாணாக்கரிடம் தொலைபேசி நிறுவனங்கள் கட்டணம் அறவிடாதிருக்க ஏற்பாடாயிற்று. பல்கலைக்கழகத்தின் சொந்தக் கணினியிலே சொந்த மென்பொருள் இருந்தமையால் எளிதாய் அமைந்த சலுகை அது. பாடங்கள் அயல்நாட்டு நிறுவனங்களின் பல்வேறு பெட்டகங்களிற் சிதறிக் கிடந்திருந்தால் எந்தக் கதவுக்கென்று சலுகை கேட்பது?

பாடசாலைகளின் கதை வேறு. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ என்னும் தளத்திலே மும்மொழியிலும் பாடங்கள் உண்டு, அது மெச்சத்தக்கதே. ஆனால் தம் வகுப்புப் பிள்ளைக்குத் தாமே வினாவெழுதி, அது எங்கே இடறுகின்றது என்று கண்டறிய விரும்பிய ஆசிரியருக்குக் கைகொடுத்தது கைத்தொலைபேசிதான். வட்ஸ்அப்பிலும் வைபரிலும் கொப்பியைப் படம் பிடித்து அனுப்பினோம். நாற்பது பிள்ளைகளின் நாற்பது மங்கற் படங்கள் திரும்பி வந்தன. அடுத்த மாதம் அவற்றைத் தேடினால் கல்யாண வாழ்த்துக்கும் மரண அறிவித்தலுக்கும் நடுவே எங்கோ புதைந்திருக்கும். இரண்டாண்டு உழைப்பு இப்படியே கரைந்தது. 2022 இல் வேறொரு சோதனை. காகிதமும் மையும் இல்லையென்று மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. பத்திரிகைகளே கோடிட்ட கொப்பித்தாளில் அச்சேறியதையும், ஜாம் போத்தல் விளக்கிலே சோதனைக்குப் படித்ததையும் கண்டு வளர்ந்த என் வயதினர்க்கு இது புதிதன்று. ஆயினும் காகிதமும் பொய்க்கும், மின்சாரமும் பொய்க்கும் என்று கண்ட ஊரிலே, ஒன்றைமட்டும் நம்பி நிற்றல் தகாது என்பது இன்னொருமுறை தெளிவாயிற்று.

என் அறிவுக்கெட்டிய ஒரு பாடசாலை. அதன் பெயர் இங்கு வேண்டா. பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் ஒரு கற்பித்தல் மென்பொருளை வாங்கினார்கள். திறப்பு விழா, குத்துவிளக்கு, பொன்னாடை யாவும் சிறப்பாக நடந்தன. மூன்றாண்டு சென்றதும் சந்தாப்பணம் கட்ட வழியில்லை. ஆசிரியர்கள் இரவிரவாக இருந்து உட்செலுத்திய வினாத்தொகுதி முழுவதும் பூட்டின் மறுபக்கத்திற் போயிற்று. திறப்பு விழாவின் படம் மட்டும் அலுவலகச் சுவரில் இருக்கின்றது. மூடிலில் எழுதிய வினாக்களைச் சாதாரண எழுத்துக் கோப்பாகவே வெளியே எடுத்து, இன்னொரு பாடசாலைக்குக் கொடுக்கலாம்; வேறு மென்பொருளுக்கும் மாற்றலாம். என் கருத்தில், 'இலவசம்' என்பதைக் காட்டிலும் இதுவே அதன் பெருஞ் சிறப்பு. உழைப்பு உழைத்தவனிடமே நிற்கும்.

வினாவுக்குள் ஒரு தமிழ்

மூடிலின் வினாப்பகுதி ஆசிரியர்க்கு ஒரு விளையாட்டுக் களஞ்சியம். பல்தேர்வு வினாவை நாமெல்லாம் அறிவோம். கணிப்பு வினா என்று ஒன்றுண்டு. 'கிணற்றுள் இட்ட கல் இத்தனை செக்கனில் நீரைத் தொட்டதாயின் கிணற்றின் ஆழம் யாது?' என்று ஒருமுறை எழுதிச் சூத்திரத்தையும் கொடுத்துவிட்டால், கணினி ஒவ்வொரு பிள்ளைக்கும் வெவ்வேறு எண்ணைப் போட்டுக் கேட்கும். பக்கத்து வாங்கிலிருப்பவனின் விடையைப் பார்த்தெழுதிப் பயனில்லை. வழியைக் கேட்டறியலாம், அது நல்லதே. இன்னும் ஒருபடி மேலே, பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்ராக் என்னும் இணைப்பு, பிள்ளை எழுதிய அட்சரகணிதக் கோவையையே ஆராயும். இரண்டையும் எக்ஸ் கூட்டல் மூன்றையும் பெருக்கிய உருவில் எழுதினாலும் விரித்து எழுதினாலும் ஒன்றென்று அதற்குத் தெரியும்.

குறுவிடை வினாவிலேதான் தமிழ் தன் வேலையைக் காட்டும். 'ஆறுமுக நாவலர் தமது அச்சியந்திரத்தை எங்கே நிறுவினார்?' என்று கேட்கிறோம். ஒரு பிள்ளை 'வண்ணார்பண்ணை' என்று எழுதும். இன்னொன்று 'வண்ணார்பண்ணையில்' என்று எழுதும். மற்றொன்று 'வண்ணார்பண்ணையிலே நிறுவினார்' என்று முழு வாக்கியமாக எழுதும். மூன்றும் சரி, மூன்றாவது பிள்ளை நம்மிடம் நன்றாகப் படித்த பிள்ளை. கணினியோ முதலாவதை மட்டும் ஏற்று மற்றிரண்டுக்கும் சுழியம் போடும். வேற்றுமை உருபு ஏறாத ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு செய்த யந்திரத்துக்கு அதற்கு மேல் எப்படித் தெரியும்? ஆனால் விடையின் இறுதியில் ஓர் உடுக்குறியை இட்டால், அதன்பின் யாது வரினும் ஏற்றுக்கொள்ளும். இச்சிறு தந்திரம் அறியாமல், தமிழுக்கு இது ஒத்துவராது என்று கைவிட்டவர்கள் உண்டு. 'ஆறுமுக நாவலர்' என்று பிரித்தும் 'ஆறுமுகநாவலர்' என்று சேர்த்தும் எழுதுவோர்க்காக இரு விடைகளையும் தனித்தனியே எழுதிவைக்க வேண்டும். சந்தி இலக்கணம் கற்பித்தவர்க்கு இது பெரிய பாரமன்று.

பாமினியின் தொல்லை இதனினும் பெரிது. யாழ்ப்பாணத்து ஆசிரியர் எவரைக் கேட்டாலும் பாமினியைத் தெரியும். நம் கணினிகளில் வேரூன்றிய தமிழ் எழுத்துரு அது. அதிலே தட்டெழுதிய வினாத்தாள்கள் வலயந்தோறும் ஆயிரக்கணக்கிற் கிடக்கின்றன. ஆனால் பாமினி உண்மையில் தமிழெழுத்தன்று; ஆங்கில எழுத்துக்களுக்குத் தமிழ் வேடம் பூட்டிய கூத்து. இணையத்தில் ஏற்றியவுடன் வேடம் கழன்று, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஏதோ ஒரு பைத்தியப் பாஷை வெளிப்படும். உலகப் பொதுவான யுனிகோட் முறையில் தமிழுக்கு 1991 இலேயே இடம் கிடைத்தது. இலங்கையும் 2008 இல் தமிழ் விசைப்பலகைக்கான தன் நியமத்தை வகுத்தது. பாமினியை யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே உள்ளன. மாற்றிய பின் ஒரு முறை கண்ணாற் பார்த்துத் திருத்துவதற்கு ஆள் வேண்டும், அவ்வளவே. அந்தப் பழைய வினாத்தாள்களை எழுதிய ஆசிரியர்களிற் பலர் ஓய்வுபெற்றுவிட்டனர். அவர்கள் கணினிகளும் ஓய்வுபெறும் தறுவாயில் இருக்கின்றன. தாமதித்தால் மாற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

எழுத்தைக் காத்தல் பற்றி யாழ்ப்பாணத்தார்க்கு எவரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. 1981 இல் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் வரை எரிந்ததைக் கண்ட ஊர் இது. 2005 இல் தன்னார்வலர் சிலர் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பாடசாலை மலர்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து எவரும் வாசிக்க வைத்திருக்கின்றது. அது எழுந்ததும் திறந்த மூலத்தின் மேலேதான். விக்கிப்பீடியா எந்த மென்பொருளில் இயங்குகின்றதோ அதே மீடியாவிக்கியைக் கொண்டே அதன் தளத்தை அமைத்தனர். நூலைக் காக்க முடிந்தவர்க்குப் பாடத்தைக் காப்பது அரிதாகுமா?

மூடிலின் முகப்புச் சொற்களைத் தமிழாக்குவதும் தன்னார்வலரின் கையிலே உள்ளது. எவரும் சேரலாம். சேரவேண்டிய அவசியமும் உண்டு. 'ஒப்படை' என்றால் நம் பிள்ளைக்கு உடனே விளங்கும். தமிழ்நாட்டிலே அதனை வேறு சொல்லால் வழங்குவர். 'தவணை', 'புள்ளி', 'மீட்டல்' என்பனவும் இவ்வாறே. மானிப்பாயில் வைத்தியர் கிறீன் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களையும் தமிழிலே அச்சிட்டார். உடலின் உள்ளுறுப்பனைத்துக்கும் அன்றே தமிழ்ச் சொல் தேடிய குடாநாட்டில், 'கோப்பைச் சமர்ப்பிக்க' என்ற பொத்தானுக்குச் சொல் தேட நாம் சோம்புவது அழகன்று.

தீவுக்கு எப்படிப் போகும்?

'இணையமே இல்லாத இடத்துக்கு இது எதற்கு?' என்று கேட்பவர் உளர். நியாயமான கேள்வி. குறிகட்டுவானில் வள்ளமேறி ஏறத்தாழ ஒரு மணிநேரம் கடலிற் போய் நெடுந்தீவை அடையும் ஆசிரியர், காற்றுக் கடுமையான நாளிலே போகவே முடியாது. அங்குள்ள பிள்ளைக்கும் அவுஸ்திரேலியப் பாலைவனத்துப் பிள்ளைக்கும் இடையே வேறுபாடு நடுவிலிருப்பது மணலா நீரா என்பது மட்டுமே.

விடை ஒரு சீட்டுக்கட்டு அளவான கணினியில் இருக்கின்றது. இங்கிலாந்திலே ஒரு தரும நிறுவனம் 2012 இல் வெளியிட்ட றாஸ்பெரி பை என்னும் மலிவான சிறு கணினி அது. கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் சிறு மின்சாரமே அதற்குப் போதும். மின்வெட்டு நேரத்திலும் சிறிய மின்கலத்தில் இயங்கும். சுவிற்சர்லாந்தில் உருவான மூடில்பொக்ஸ் என்னும் தொகுப்பை அதில் ஏற்றிவிட்டால், அந்தப் பெட்டியே தன்னைச் சுற்றி ஒரு சிறு வலையை விரிக்கும். வகுப்பறையில் உள்ள பிள்ளைகள் பழைய கைத்தொலைபேசியாலோ தட்டைக் கணினியாலோ அதனோடு இணைந்து பாடம் பார்க்கலாம். வினாவுக்கு விடை எழுதலாம். புள்ளியும் அதிலேயே பதிவாகும். வெளியுலக இணையம் ஒரு துளியும் தேவையில்லை. தொலைபேசிக் கட்டணமும் இல்லை. இதே நோக்கத்தோடு அமெரிக்காவில் எழுந்த கொலிப்ரி என்னும் மென்பொருளும் உண்டு. அதில் ஆயத்தமான பாடங்கள் நிறைய, ஆசிரியர் தாமாகப் புனைவதற்கு இடம் குறைவு. ஆதலின் நம்மவர்க்கு முன்னையதே உகந்தது என்பது என் அபிப்பிராயம்.

குறைகளையும் சொல்லவேண்டும். மூடில் அழகிய மென்பொருளன்று. பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் ஒரு பட்டியல் என்று முதல் வாரத்திலே தலை சுற்றும். சட்டகத்தைத்தான் அது தருகின்றது. பாடத்தை நாம் எழுதவேண்டும். நல்ல வினா பத்து எழுத ஒரு மாலைப்பொழுது போய்விடும். இணையத்தில் வைத்து நடத்துவதாயின் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பியாதுவிட்டால் கள்வர் புகுவர். ஆகவே பணம் கொடாமற் பெற்றது என்பதனாற் செலவில்லை என்று ஆகாது. பங்குக் கிணற்றையும் ஆண்டுக்கொருமுறை இறைத்துச் சேறு வாரத்தானே வேண்டும்.

அச் சேற்றை வாருபவர் யார் என்பதே இப்போது தீர்க்கவேண்டிய சங்கதி. பாடசாலைகளில் இப்பணி ஓர் ஆர்வமுள்ள தகவல் தொழில்நுட்ப ஆசிரியரின் தலையில் விழுகின்றது. அவருக்கு இடமாற்றம் வந்தால், கடவுச்சொல்லும் அவரோடு வன்னிக்கோ மன்னாருக்கோ போய்விடுகின்றது. அடுத்தவர் வந்து பெட்டியைத் தூசு தட்டி அலுமாரியில் வைக்கிறார். வலயக் கல்வி அலுவலகம் ஒவ்வொன்றிலும் பாட ஆசிரியர்கள் கூடும் கூட்டங்கள் ஏற்கெனவே நடைபெறுகின்றன. அக்கூட்டத்துக்கு வரும் கணித ஆசிரியர் ஒவ்வொருவரும் பத்து வினாவை யுனிகோட்டில் எழுதிவந்து ஒரே கோப்பிற் சேர்த்தால், முப்பது பேருக்கு முந்நூறு வினா. அந்தக் கோப்பை ஒரு விரலளவுச் சேமிப்பானில் இட்டு, நாளைக் காலை குறிகட்டுவானுக்குப் போகும் ஆசிரியரின் சட்டைப்பையிற் போட்டுவிடலாம்.